தங்கச்சியின் பாரசூட்டுக்குள் நான் வைத்தது

என் தங்கச்சி பல் வைத்தியர். மற்றவர்கள் பயந்துபோய்ப் படுத்திருக்க, தான் பயமில்லாமல் நின்று செய்கிற வேலை. அதனால்தானோ என்னவோ, பயம் என்பது கதிரையில் படுத்திருக்கிறவர்களுடைய பிரச்சினை என்று அவள் முடிவு செய்துவிட்டாள். நான் மருந்தாளர். வட லண்டனில், எட்மண்டனில் ஒரு சிறிய மருந்துக்கடையில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை. ஒருவர் எடுத்து வைத்த மருந்தை இன்னொருவர் சரிபார்க்காமல் எங்கள் கடையை விட்டு எதுவும் வெளியே போகாது. வீட்டிலும் நான் அப்படித்தான். கதவைப் பூட்டுவேன், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன், இழுத்ததில் திறந்துவிட்டதோ என்று இன்னொரு தரம் வருவேன். என் மகள் நான்கு வயதிலேயே, வெளியே போகும்போது வாசற்படியில் உட்கார்ந்து காத்திருக்கப் பழகிவிட்டாள்.

தங்கச்சி சில வருடங்களாக விமானத்திலிருந்து குதித்துக்கொண்டிருந்தாள். அதற்கு நான் ஒருவாறு பழகியிருந்தேன். விமானத்திலிருந்து குதிக்கிறவர்களின் முதுகில் இரண்டு பாரசூட் இருக்கும். ஒன்று விரியாவிட்டால் மற்றது. எனக்கு விளங்குகிற ஏற்பாடு அது. பிறகு ஒருநாள் எங்கள் குசினியில் தேத்தண்ணிக்குள் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டே, பேஸ் ஜம்பிங் போகப்போவதாகச் சொன்னாள். விமானம் இல்லை. மலை விளிம்பில் நின்று அப்படியே குதிப்பது. அமெரிக்காவின் மேற்கே, பக்கத்தில் ஊரோ ரோட்டோ இல்லாத ஒரு பாலைவனப் பள்ளத்தாக்கு. வழிகாட்டி ஒருவர் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போவார்.

“அதில எத்தினை பாரசூட்?” என்று கேட்டேன்.

“ஒண்டு.”

“மற்றது?”

“மற்றதுக்கு நேரமில்லை அக்கா. அது விரியிறதுக்கு முதல் நிலம் வந்திடும்.”

பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. அவள் அதற்குத்தான் கவலைப்பட்டாள்.

வந்த காரியம் வேறு. பயணப் படிவத்தில், ஏதாவது நடந்தால் முதலில் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என் பெயரைப் போடவேண்டும் என்றாள். நான் மாட்டேன் என்றேன். “சரி, அம்மாவைப் போடட்டோ?” என்றாள். நான் பேனையை வாங்கினேன்.

அம்மா சவுத்தாலில் இருக்கிறா. தங்கச்சி மலை ஏறப் போகிறாள் என்று அவவுக்குச் சொன்னோம். அது பொய் இல்லை. ஏறுவதைச் சொன்னோம், இறங்குவதைச் சொல்லவில்லை.

“ஒரு கண்டிசன்,” என்றாள் தங்கச்சி, நான் கையெழுத்து வைத்த பிறகு. “என்ர சாமானுக்குள்ள ஒண்டும் வைக்கக்கூடாது.”

“நான் என்னத்தை வைக்கப்போறன்?”

“அக்கா, தேசிக்காய்.”

அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. பத்து வருடத்துக்கு முன் அவளுடைய கார் ஓட்டுநர் சோதனையன்று, பயிற்சிக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே, அவளுக்குத் தெரியாமல், கண்ணூறு படாதிருக்க நான் ஒரு தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், வைத்தேன். முதல் வளைவிலேயே அது உருண்டு விழுந்து பிரேக்குக்கு அடியில் போய்விட்டது. சோதனை அதிகாரி தன் பக்கத்து பிரேக்கை மிதித்து, காரை நிறுத்தி, குனிந்து அதை எடுத்து, “இது உங்களுடையதா?” என்று கேட்டாராம். அதற்கு முன்னால் உயர்தரப் பரீட்சைக்குப் போனபோது அவளுடைய பென்சில் பெட்டிக்குள் திருநீற்றுப் பொட்டலம். அது அவிழ்ந்து கல்குலேட்டரின் பொத்தான்களுக்கு இடையில் இறங்கியதில், ஏழும் எட்டும் வேலை செய்யவில்லை. அந்தப் பரீட்சையில் அவள் நன்றாகச் செய்தாள் என்பதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

“சத்தியமா ஒண்டும் வைக்கமாட்டன்,” என்றேன். சொல்லும்போது அப்படித்தான் நினைத்தேன்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன், ஒரு சனிக்கிழமை, பாரசூட் மடிப்பதற்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அறையில் கட்டிலைத் தவிர வேறு இடமில்லை. எங்கள் வீட்டில் முன் அறையும் பின் அறையும் சேர்த்து ஒரே நீளம். சோபாவை நகர்த்தினோம். நீலமும் மஞ்சளுமாக அந்தத் துணி முழு வீட்டையும் பிடித்துக்கொண்டது. கலியாண வீடுகளுக்கு அவளுக்குச் சேலைக் கொசுவம் பிடித்துவிடுவது நான்தான். ஆறு மடிப்பு ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவள், தன் உயிரைத் தாங்கப்போகிற துணியை முழங்காலில் நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு மடித்தாள். மடித்த இடம் குலையாமல் பாரம் வைக்க வேண்டும். அதற்கென்று விற்கிற மணல் பைகள் இருக்கின்றனவாம். அவளிடம் இல்லை. என்னிடம் ஐந்து கிலோ அரிசிப் பைகள் மூன்று இருந்தன.

வழிகாட்டி தொலைக்காட்சித் திரையில் வீடியோ அழைப்பில் இருந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆங்கிலேயப் பெண். நரைத்த பின்னல். முன்பு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. அந்தக் குரலைக் கேட்டால் யாரும் கூன் நிமிர்ந்து இருப்பார்கள். நானும் இருந்தேன்.

“அந்த மூட்டைகள் என்ன?” என்றார்.

“அரிசி,” என்றாள் தங்கச்சி.

“நல்ல யோசனை. மூன்றாவது மூட்டைமேல் இருக்கும் குழந்தை?”

“அவ அக்காவின்ர மகள். அவவும் பாரத்துக்குத்தான்.”

மகள் திரையைப் பார்த்துக் கையசைத்தாள். நான் குசினிக்குப் போய் ரோல்ஸ் பொரிக்கத் தொடங்கினேன். அந்த நேரத்தில் வழிகாட்டி ஏதோ முக்கியமாகச் சொன்னார் என்பது தெரிந்தது. குரல் அப்படி இறங்கியது. எண்ணெய்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வந்து கேட்டிருக்கலாம். ரோல்ஸ் கருகிவிடும் என்று நின்றேன். இதைப் பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன்.

ஒன்றரை மணித்தியாலத்தில் அத்தனை துணியும் ஒரு பள்ளிக்கூடப் பையளவுக்குள் அடங்கிவிட்டது. இரண்டு ஊசிகளைச் செருகி மூடிவிட்டு, அதை வாசல் நடையில், தொங்குகிற கோட்டுகளுக்குக் கீழே வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

முதல்நாள் நான் வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் போயிருந்தேன். எட்மண்டனிலிருந்து லண்டனைக் குறுக்கே கடந்து போக வேண்டும். இரண்டு இடத்தில் ரயில் மாறி, அவளுடைய நட்சத்திரத்துக்கு ஓர் அர்ச்சனை. அதில் ஒரு தவறும் இல்லை. ஐயர் காகிதத்தில் மடித்துத் தந்த திருநீறு கசியும்போல் இருந்ததால், வீட்டுக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டேன். புதுச் சட்டைகளோடு மேலதிகப் பொத்தான் போட்டுத் தருவார்களே, பெருவிரல் நகத்தளவுப் பை, அது. கல்குலேட்டர் விஷயத்திலிருந்து கற்றுக்கொண்ட பாடம். தங்கச்சியின் நெற்றியில் பூசிவிட்டுத்தான் அனுப்ப நினைத்திருந்தேன். ஆனால் அந்தப் பொட்டலம் என் கையில் இருந்தது, பாரசூட் பை நடையில் தனியாக இருந்தது, குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்க மூடிக்கு அடியில் ஒரு விரல் போகிற இடைவெளி. விரலும் போயிற்று.

அன்று நான்கு ரோல்ஸ் சாப்பிட்டேன். அந்த மாதத்தில் அப்படி நிம்மதியாகச் சாப்பிட்டது அன்றுதான்.

திங்கட்கிழமை அவளை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தபோது, கணவர் என் முகத்தைப் பார்த்தார். அவர் வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்கிறவர். என் முகத்தைப் படிக்க அவருக்கு நிறைய நேரம் கிடைக்கிறது.

“என்ன, நீர் அழுதுகொண்டு வருவீர் எண்டு நினைச்சன். சிரிச்சுக்கொண்டு வாறீர்.”

சொன்னேன். அவர் விரல் மடித்து எண்ணினார்.

“நான் சரியா விளங்கினனோ எண்டு பாப்பம். சின்னப் பிளாஸ்டிக் பை. அதுக்குள்ள வெள்ளைத் தூள். அதை வேற ஒரு ஆளின்ர பைக்குள்ள ஒளிச்சு வைச்சு அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கிறீர்.”

“திருநீறு.”

“அது உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அங்க நிக்கிற நாய்க்குத் தெரியுமோ? நீர் ஒரு பார்மசிஸ்ட் வேற.”

அன்று பின்னேரம் முழுவதும் தொலைபேசியை முன்னால் வைத்துக்கொண்டு, அமெரிக்க எல்லை அதிகாரியிடம் என்ன சொல்வது என்று பாடமாக்கினேன். மகளைக் குளிக்கவார்த்து முடித்த நேரம், “வந்திட்டன்” என்று தங்கச்சியின் செய்தி வந்தது. அத்தோடு அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

புதன்கிழமை எனக்கு வேலை இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில். வீடு கூட்டி, உடுப்பு மடித்து, வேறு ஒன்றும் இல்லாமல், படிவத்தோடு எனக்கு அனுப்பியிருந்த பத்திரத்தை எடுத்துப் படித்தேன். எட்டுப் பக்கம். ஏற்கெனவே படித்திருந்தேன், ஆனால் விபத்துப் பற்றிய பக்கங்களைத்தான். மூன்றாம் பக்கத்தில் மடிப்பது பற்றி இருந்தது. அதில் ஒரு வரி தடித்த எழுத்தில்: பைக்குள் பாரசூட்டைத் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது, ஒரு தலைமுடி ஊசிகூட, சிறிய பொருள் ஒன்று கயிற்றிலோ துணியிலோ சிக்கினால் விரிவது தாமதமாகலாம், தாமதத்துக்கு அங்கே இடமில்லை.

ரோல்ஸ் பொரிந்தபோது வழிகாட்டி குரலை இறக்கிச் சொன்னது இதைத்தான்.

மணிக்கூட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு. அங்கே காலை ஐந்து. வியாழன் வரை ஓய்வு, பிறகுதான் குதிப்பு என்று நினைத்திருந்தேன். பயண ஒழுங்கைத் திருப்பிப் பார்த்தால் முதல் குதிப்பு புதன் காலை, காற்று எழும்ப முன்னர், ஏழு மணிக்கு. முதலில் தானே குதிப்பதாகத் தங்கச்சி கேட்டு வாங்கியிருந்தாள். லண்டன் நேரம் இரண்டு மணி. தங்கச்சியின் தொலைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை. வழிகாட்டியிடம் செயற்கைக்கோள் வழியாக வேலை செய்கிற ஒரு செய்மதிக் கருவி இருந்தது. அதற்கு நூற்றறுபது எழுத்துக்குள் செய்தி அனுப்பலாம், மிக அவசரமானால் மட்டும்.

மேலே ஓடினேன். கணவர் யாருடனோ கணினியில் கூட்டத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் அதை மூடிவிட்டார். மூன்றாம் பக்கத்தை அவர் முன்னால் நீட்டினேன்.

“கயிறு இருக்கிற பக்கமோ வைச்சனீர்?”

“எந்தப் பக்கத்தில கயிறு இருக்கு?”

“எனக்கென்னண்டு தெரியும்? நீர்தானே விரலை விட்டனீர்.”

“ஒண்டும் நடக்காது, என்ன? நகத்தளவுப் பை.”

“தேசிக்காயும் சின்னதுதான்,” என்றார். சொன்ன பிறகு அவருக்கே சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்தார். “எழுதும். இப்பவே எழுதும்.”

எழுதுவது சுலபமாக இல்லை. சொன்னால் ஐந்து பேருக்கு முன்னால் அவளுக்கு அவமானம். அவள் இந்தப் பயணத்துக்கு இரண்டு வருடம் காத்திருந்தவள். ஒருவேளை அவளை அனுப்பாமலே விட்டுவிடுவார்கள். சொல்லாவிட்டால், அநேகமாக ஒன்றும் நடக்காது. அந்த ‘அநேகமாக’வோடு இரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். கடையில் நான் அப்படி ஒரு மருந்தை வெளியே விட்டதில்லை. அநேகமாகச் சரியான மாத்திரை என்று யாருக்கும் கொடுத்ததில்லை.

“சாம்பல் எண்டு எழுதாதையும்,” என்றார் கணவர். “ஆர் செத்தது எண்டு கேப்பினம்.”

“தூள் எண்டு போடட்டோ?”

“அது அதைவிட மோசம்.”

கடைசியில் அனுப்பியது இது: “தங்கையின் பையில் பக்க மூடிக்கு அடியில் ஒரு சின்னப் பொட்டலம் வைத்துவிட்டேன். குதிக்கமுன் திறந்து எடுக்கவும். தவறு என்னுடையது. அவருக்குத் தெரியாது.” அனுப்பி ஒரு நிமிடத்தில் மனம் கேட்காமல் இன்னொன்று: “பொட்டலத்தில் இருப்பது சட்டவிரோதமானது அல்ல.” இரண்டாவதைப் படித்துவிட்டுக் கணவர், “இப்ப கட்டாயம் சந்தேகப்படுவினம்,” என்றார்.

பன்னிரண்டரை. பதில் இல்லை. ஒரு மணி. பதில் இல்லை. கருவியை அணைத்து வைத்திருப்பார்களோ, மலை ஏறும்போது பையின் அடியில் கிடக்குமோ. ஒன்றே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. பாய்ந்து எடுத்தேன். அம்மா.

“என்ன, ஓடி வந்தனியோ? மூச்சு வாங்குது.”

“இல்லையம்மா.”

“சின்னவள் என்ன செய்யிறாள் அங்க? குளிரோ?”

“வெயில் எண்டு நினைக்கிறன்.”

“கவனமா ஏறச் சொல்லு.”

“ஓம், ஏறிட்டாள்,” என்றேன். “இனி இறங்கிறதுதான்.”

சொன்ன பிறகு என் வாயை நானே பொத்தினேன். அம்மா, இறங்கும்போதுதான் முழங்கால் நோகும், எண்ணெய் பூசச் சொல்லு என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டா.

இரண்டு மணி. இரண்டு ஐந்து. சாமி அறைக்குப் போனேன். திருநீற்றுத் தட்டைப் பார்த்தேன். முதல் தடவையாக அதைத் தொடப் பயமாக இருந்தது. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்குக்கூட வாய் வரவில்லை. கேட்டு வாங்கியதையே நான்தானே கொண்டுபோய்ச் சொருகியிருந்தேன். இரண்டே முக்காலுக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினேன். எது நடந்தாலும் மூன்றே காலுக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும். கதவைப் பூட்டினேனா என்று திரும்பிப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். வீட்டில் கணவர் இருந்தார் என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூட வாசலில் மற்றத் தாய்மாரோடு நிற்கும்போது செய்தி வந்தது. “பொட்டலம் கிடைத்தது. எடுத்துவிட்டோம். முழுவதையும் திரும்ப மடிக்கிறார். இன்று அவர் குதிக்கவில்லை. நாளை.” மூன்று தடவை படித்தேன். பிறகு இன்னொன்று வந்தது. “உங்கள் தங்கை உங்களுக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னார். அதை நான் அனுப்பப் போவதில்லை.”

ஓடி வந்த மகள் என் முகத்தைப் பார்த்து, “அம்மா, நீங்கள் ஏன் அழுதுகொண்டு சிரிக்கிறீங்கள்?” என்றாள். சித்தி இன்றைக்கு உடுப்பு மடிக்கிறா என்றேன்.

அடுத்தநாள் அவள் குதித்தாள். அதன் பிறகும் இரண்டு தடவை. பத்திரமாக இறங்கியதாக ஒவ்வொரு தடவையும் வழிகாட்டியிடமிருந்து ஒரு சொல் வந்தது: “நிலம்.” சிக்னல் உள்ள இடத்துக்கு வந்தபிறகுதான் தங்கச்சி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். முதலில் வெறும் காற்றுச் சத்தம்.

“நாலு பேர் குதிச்சதை நான் பாறையில இருந்து பாத்தன் அக்கா. ஒண்டரை மணித்தியாலம் மடிச்சன். அரிசியும் இல்லை. கல்லு வைச்சு மடிச்சன்.”

“தெரியும். மன்னிச்சுக்கொள்.”

“எல்லாரும் பொட்டலத்தைச் சுத்தி நிண்டு பாக்கினம். வாழ்க்கையில இதுவரைக்கும் ஒரு சிகரெட் பிடிச்சிருப்பனோ? நான் பல்லு டொக்டர் எண்டு சொல்லுறன், ஒருத்தரும் நம்பேல்லை.”

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“நீ சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.”

“ஓம்.”

“சொன்னபடியாத்தான் இப்ப உன்னோட கதைக்கிறன்,” என்றாள். “ஆனா படிவத்தில பேரை மாத்தியாச்சு. இனி அத்தான்.”

அது எனக்கு நன்றாகவே நொந்தது. நியாயமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும்போது அழுவதா என்று தெரியாமல் சமைக்கப் போனேன்.

அடுத்த வசந்தத்தில் அதே வழிகாட்டியோடு, அதே பள்ளத்தாக்குக்கு, இன்னொரு பயணம். இந்தத் தடவை எட்டுப் பக்கமும் கணவருக்கு வந்தது. நான் பக்கத்தில் போனால் திரையை மூடினார். இரண்டு கிழமையாக அவருக்கு ஒழுங்காகச் சாப்பாடு இறங்கவில்லை. “ஒரே ஒரு பாரசூட்டோ?” என்று என்னிடமே கேட்டார். ஒரு வருடத்துக்கு முன் நான் சொன்னதை அவர் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மடிக்கிற நாளன்று தங்கச்சி என்னைச் சோபாவில் உட்கார வைத்து, இரண்டு கையையும் முழங்காலில் தெரியும்படி வைக்கச் சொன்னாள். மகளை எனக்குக் காவலாக நிறுத்தினாள். மகள் அந்த வேலையை மிகவும் கடுமையாகச் செய்தாள். மூக்குச் சொறிய அனுமதி கேட்க வேண்டியிருந்தது. திரையிலிருந்த வழிகாட்டி என்னை ஒரு கணம் பார்த்து, “வணக்கம், பொட்டலம்,” என்றார். அதுதான் இப்போது அவர்கள் மத்தியில் என் பெயராம்.

மடித்து முடிந்தது. கடைசி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

“இஞ்ச வா. நீயே போட்டு மூடு.”

“நானோ?”

“நீ மூடினா உள்ளுக்க ஒண்டும் இல்லையெண்டு உனக்கும் தெரியும். பிறகு உனக்கு விரல் துடிக்காது.” பிறகு தலைமுடியைப் பின்னால் தள்ளிக்கொண்டு குனிந்தாள். “நெத்தியில எவ்வளவு வேணுமெண்டாலும் பூசு. நெத்தி என்ர. பைக்குள்ள மட்டும் வேண்டாம்.”

சாமித் தட்டைக் கொண்டுவந்து, மூன்று விரலாலும் அள்ளிப் பூசினேன். புருவம் வரைக்கும் இறங்கியது. அவள் தும்மினாள், ஆனால் விலகவில்லை. பிறகு ஊசியை வாங்கிச் செருகினேன். அவள் பார்த்தாள், மகள் பார்த்தாள், திரையில் வழிகாட்டியும் பார்த்தார். இழுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. இன்னொரு தரம் இழுக்கக் கை போனது, நிறுத்திக்கொண்டேன்.

டாக்சி தெருமுனையில் திரும்பிய பிறகுதான் குசினியில் கை கழுவப் போனேன். மூன்று விரலும் வெள்ளையாக இருந்தன. பூசிவிட்டுத்தான் ஊசியைச் செருகினேன். நடுவில் கை துடைத்தேனா? துடைத்திருப்பேன். சேலைத் தலைப்பில். இல்லை, அன்று நான் ஜீன்ஸ் போட்டிருந்தேன்.

“இஞ்ச பாருங்கோ,” என்று மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன். “கொஞ்சத் தூள், பையின்ர மேல் பக்கத்தில மட்டும் பட்டா, அதால ஒண்டும் இல்லைத்தானே?”

மேலே கதிரை நகர்கிற சத்தம் கேட்டது. வழிகாட்டியின் செய்மதி எண் இப்போது அவரிடம்தான் இருக்கிறது. அவர் மூன்றாம் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.